தொப்பியை எழுதிய கை

ஷிதாங் கிராமம், ஹூநான்
முயல் ஆண்டு, முதல் மாதம், இருபதாம் நாள்

விவசாயிகள் சங்கச் செயலாளர் குவாங் யூன்ச்சி அவர்களுக்கு,

'மகனே' என்று எழுதப்போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். முந்தாநாள் கோயில் திடல் மேடையில் நின்றவர் யாருக்கும் மகன் போலத் தெரியவில்லை. ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன். அன்று சாயங்காலமே நீங்கள் சாங்ஷாவுக்குப் படகேறிவிட்டதாகக் கேள்வி. உங்கள் தாயாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உங்களுக்கென்று புகையில் உலர்த்திய பன்றிக்கறி ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தாள். அது இன்னும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது.

நடந்ததை நீங்கள் மேலேயிருந்து பார்த்தீர்கள். கீழேயிருந்து அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வது உங்கள் சங்கத்துக்குப் பயன்படலாம்.

காலையில் லாய் மான்ஷெங் வாசலில் வந்து நின்றான். அவன் அப்பன் காலத்திலிருந்து நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன், இப்போது சங்கத் தலைவன். "ஐயா, கொஞ்சம் வரணும்" என்றான். குத்தகைப் பேச்சு என்று நினைத்து, வெட்டப் போகிறார்கள் என்று தெரியாத பன்றி மாதிரி நானே நடந்து போனேன். திடலில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய தொப்பியை என் தலையில் வைத்து, தாடைக்கடியில் சணலால் கட்டினான். கையில் சேகண்டியைக் கொடுத்தார்கள். நானே அடித்துக்கொண்டு, "நான் குவாங் ஜீதாங், ஏழைகளின் ரத்தம் குடித்தவன்" என்று சொல்லிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் பாலம் வரை நடக்க வேண்டும். நடந்தேன். ஊர்ப் பள்ளியில் பதினேழு வருஷமாக என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் வழியில் நின்றார்கள். பன்றி வெட்டுகிறவன் கடைக்கு எதிரே சேற்றில் என் வலது செருப்பு மாட்டிக்கொண்டது. குனிந்தால் தொப்பி விழும். ஒற்றைக் காலில் செருப்போடு மீதித் தூரமும் போனேன்.

தொப்பியில் 'கொடுங்கோல் நிலக்காரன்' என்று எழுதியிருந்தது. எழுத்து நன்றாக இருந்தது. கடைசிக் கோட்டை அழுத்தி, லேசாகத் தூக்கி விடுகிற பழக்கத்தை இந்த ஊரில் நான் ஒரே ஒருவருக்குத்தான் கற்றுக்கொடுத்தேன்.

மான்ஷெங் எழுதச் சொன்னான், நீங்கள் எழுதினீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று உங்கள் தாயாரிடம் சொல்லியிருக்கிறேன். தற்குறி ஒருவன் ஏவ, என் மகன் குமாஸ்தா வேலை பார்த்திருக்கிறான். அதை நினைத்தாலும் கேவலம்தான். ஆனால் தாங்கிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து நான் வெளியே போகவில்லை.

குவாங் ஜீதாங்


சாங்ஷா
1927 மார்ச் 6

தந்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். கேலிக்குப் பதில் கேலி எழுத எனக்கு நேரமில்லை.

இது தனிமனிதர் மீதான விரோதம் அல்ல. ஒரு வர்க்கம் ஆயிரம் வருஷம் நிமிர்ந்து நடந்தது, இன்னொன்று குனிந்து நடந்தது. ஒரு நாள் இது மாறி நடந்தால் அதற்குப் பெயர் அவமானமா? பஞ்ச வருஷத்தில் நம் களஞ்சியத்தில் நெல் இருந்தது, மான்ஷெங் வீட்டில் மரப்பட்டைக் கஞ்சி. அவருடைய கடைசிப் பெண்குழந்தை அந்தக் குளிரில்தான் போனது. அப்போது யாருக்காவது வெட்கமாக இருந்ததா? நம் வீட்டில் அன்றைக்கும் மூன்று வேளை சாப்பிட்டோம். நானும்தான் சாப்பிட்டேன். அதனால்தான் இன்று இந்த வேலையில் இருக்கிறேன்.

இங்கே மாகாணச் சங்க அலுவலகத்தில் நாள் முழுவதும் ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். நேற்று ஒரு கிழவி வந்து, "எம் மருமகனை இனிமே நிலக்காரன் அடிக்கக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். அவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செருப்பு விழுந்ததைப் பார்த்தேன். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். காலில் ஏதாவது குத்தியதா? அம்மாவைக் கற்பூரத் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

மான்ஷெங் அண்ணன் மீது கோபம் வைக்காதீர்கள். அவர் நல்லவர். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

யூன்ச்சி


ஷிதாங்
மூன்றாம் மாதம், இருபத்தாறாம் நாள்

யூன்ச்சி அவர்களுக்கு,

காலில் ஒன்றும் குத்தவில்லை. விசாரித்ததற்கு நன்றி.

பஞ்ச வருஷத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் குழந்தை போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியுமே. உங்ககிட்ட சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றாள். விதைநெல் கொடுத்தேனே என்றேன். "வட்டிக்குத்தானே" என்றாள். இந்த வயதில் அவளுக்கும் நாக்கு முளைத்துவிட்டது. உங்கள் சங்கத்தில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாமே, சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மான்ஷெங் கொல்லைப்பக்கமாக வந்தான். என் செருப்பைச் சேற்றிலிருந்து எடுத்து, கழுவி, உலர்த்தி, கிழிந்த இடத்தைத் தைத்துக் கொண்டுவந்திருந்தான். படியில் வைத்துவிட்டு நின்றான். அம்மா எள்ளும் இஞ்சியும் போட்டு டீ கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தான். நான் உள்ளேதான் இருந்தேன். "ஐயாவை ஒரு நிமிசம் பாக்கணும்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. நான் இருமவில்லை, அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

என்ன சொல்ல வந்தானோ. நான் கேட்டிருக்கலாம். என்னைப் பார்த்துத் தெருவே சிரிக்க வைத்தவனிடம் நான் எதைக் கேட்பது என்று அப்போது தோன்றியது.

ஷாங்காயில் உங்கள் ஆட்களைத் தெருவில் சுட்டார்கள் என்று படகுக்காரன் சொல்கிறான். உண்மையா? அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தாயார் தூங்குவதில்லை. ஒரு வரி எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

ஜீதாங்


ஹான்கோ
மே 28

அப்பா,

உயிரோடு இருக்கிறேன். இருபத்தோராம் தேதி பட்டாளம் சாங்ஷாவில் அலுவலகத்துக்குள் நுழைந்து சுட்டது. பின்சுவர் ஏறிக் குதித்தேன். என்னோடு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இருவர் குதிக்கவில்லை. சரக்குப் படகில் மூட்டைகளுக்கு நடுவே இங்கே வந்து சேர்ந்தேன். பழைய முகவரிக்கு எழுதாதீர்கள். அடியில் ஒரு சாயப்பட்டறை முகவரி இருக்கிறது.

ஓடிப்போன நிலக்காரர்கள் ஊர்ப்படை சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். நம் பக்கமும் வருவார்கள். மான்ஷெங் அண்ணனை மலைக்குப் போகச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் வந்த உடனே சொல்லுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஊரில் நம்பி எழுத வேறு யாரும் எனக்கு இல்லை. நீங்கள் அவரோடு பேசுவதில்லை என்று தெரியும். எனக்காக இதைச் செய்யுங்கள்.

யூன்ச்சி


ஷிதாங்
ஐந்தாம் மாதம், இருபதாம் நாள்

யூன்ச்சி,

மான்ஷெங் இறந்துவிட்டான்.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. உன் அம்மா தினமும் மை அரைத்து வைக்கிறாள், நான் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

உன் கடிதம் படகுத் திருநாளுக்கு மறுநாள் காலையில் வந்தது. படித்தேன். 'உடனே' என்ற சொல்லையும் படித்தேன். மடித்து வைத்துவிட்டு, நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். கால் வலி, மழை என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். உன்னிடம் பொய் எழுத முடியவில்லை. அவன் உயிர் ஒரு நாள் என் கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போதே ஊர்ப்படை வந்துவிட்டது. தலைமை பாவ்தியன். நம் பங்காளி மகன்தான், உன்னோடு வாத்து மேய்த்தவன். மான்ஷெங்கைக் களத்தில் பிடித்துக் கட்டி, குலமண்டபத்துக்கு இழுத்து வந்து, எனக்கு ஆள் அனுப்பினான். நல்ல அங்கி போட்டுக்கொண்டு போனேன். நான்கு மாதம் கழித்து முதல் முறையாகத் தெருவில் நடக்கிறேன். எல்லோரும் வழி விட்டார்கள்.

மண்டபத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மான்ஷெங் மண்டியிட்டிருந்தான், உதடு கிழிந்திருந்தது. "பெரியப்பா, பயப்படாம சொல்லுங்க. உங்களுக்குத் தொப்பி போட்டது இவன்தானே?" என்று பாவ்தியன் கேட்டான்.

நான் இல்லை என்று சொல்லத்தான் போனேன். நம்பு. வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கூட்டத்தில் யாரென்று கவனிக்கவில்லை என்று சொல்லலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். ஆனால் 'தொப்பி' என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்துவிட்ட சிரிப்பு. என் காது இரண்டும் கொதித்தன. "ஆமாம்" என்றேன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் திரும்பப் பிடிக்கலாம் என்று கை நீட்டினேனா என்றுகூட நினைவில்லை. மான்ஷெங் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வெட்டிவிட்டார்கள். கலகக்காரன் பிணத்துக்கு மலை இடுகாட்டில் இடமில்லை என்று கரையிலேயே ஒரு குழி தோண்டித் தள்ளினார்கள். ஆறாம் மாதத்து வெள்ளம் அந்தக் கரையை எடுத்துவிடும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், மை அரைக்கிறாள், பேசுவதில்லை.

அப்பா


ஹான்கோ
ஜூலை 2

அப்பா,

உங்கள் கடிதத்தைச் சாயப்பட்டறையின் பின்கட்டில் நின்று படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டறைக்காரர், "வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் 'ஆமாம்' சொன்னதற்கு நான் உங்களைத் திட்ட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். போன கடிதத்திலேயே, அதற்கு முந்தியதிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று காலையில் கோயிலுக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மான்ஷெங் அண்ணன், நான், மாவட்டத்திலிருந்து வந்த இரண்டு தோழர்கள். அந்த இரண்டு பேரும் வந்த நாளிலிருந்து என் கையைப் பார்த்துச் சிரிப்பார்கள். "செயலாளருக்குக் கை பட்டு மாதிரி இருக்கே. ஏர் புடிச்சதா, ஏடு புடிச்சதா?" என்பார்கள். நான் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வேன். நிலக்காரன் மகன் என்ற பெயர் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அது முதலில் போய் உட்கார்ந்திருக்கும். எனக்கு உங்கள் மகனாக இருப்பது வெட்கமாக இருந்தது அப்பா. உங்கள் அரிசியைத் தின்று, உங்கள் செலவில் படித்து, அந்தப் படிப்பால்தான் அந்த வெட்கமும் வந்தது.

யாருக்குத் தொப்பி என்று பேச்சு வந்தபோது மான்ஷெங் அண்ணன், "ஐயாவை விட்டுடலாம் தம்பி. வட்டி வாங்கினாரு, இல்லேங்கல. ஆனா அவரை நம்பித்தான் அந்த வருசம் விதைச்சோம். ஒரு பன்னிய அடிச்சு ஊருக்குச் சோறு போடச் சொல்லுவோம், போதும்" என்றார். மாவட்டத் தோழர் ஒருவர் சிரித்தார். "ஓகோ, செயலாளர் வீட்டுக்குப் பன்னி, மத்தவன் வீட்டுக்குத் தொப்பியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். மான்ஷெங் அண்ணன் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான், "எங்கப்பாவுக்குத்தான் முதல் தொப்பி" என்றேன்.

அவர் மூங்கில் சட்டத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அப்ப நீயே போடு" என்றார்.

"நான் எழுதறேன். நீங்க போடுங்க" என்றேன்.

நான் ஏவினேன், அவர் செய்தார். நீங்கள் அம்மாவிடம் சொன்னது தலைகீழ். உங்கள் தாடைக்கடியில் சணலைக் கட்டும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். கொல்லைப் படியில் நின்று அவர் உங்களிடம் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம். மன்னிப்புக் கேட்கவும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் அவருக்குக் கடமை இல்லை, எனக்குத்தான் இருந்தது.

குத்தகை குறைந்ததும், அந்தக் கிழவிக்குச் சீட்டு எழுதியதும் தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. இந்த வழியை விடமாட்டேன். ஆனால் அன்று நான் சொன்ன அந்த வாக்கியம் ஏழைகளுக்காக இல்லை. இரண்டு பேர் என் கையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக. அதற்கு விலையாக ஒருவர் தலை போயிற்று.

இதை அவர் மனைவியிடம் போய்ச் சொல்லுங்கள். என் பெயரோடு சொல்லுங்கள். குலப் பதிவேட்டிலிருந்து என் பெயரை அடித்தால் அடிக்கட்டும். நான் இங்கே அதிக நாள் இருக்க மாட்டேன். எங்கே போகிறோம் என்று எழுதக் கூடாது. உங்கள் பதிலுக்காக முடிந்த மட்டும் காத்திருக்கிறேன்.

யூன்ச்சி


ஷிதாங்
ஆறாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

என் மகன் யூன்ச்சிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் எழுந்து போய் என் அங்கியை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். "போங்க" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மான்ஷெங்கின் மனைவி தாவ்மெய் வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. நின்றபடியே நீ எழுதியதைச் சொன்னேன். நான் உன் கடிதத்தை ஒரு நாள் மடித்து வைத்திருந்ததையும் சொன்னேன். அவள் மிளகாயைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொப்பி விசயம் எனக்குப் புதுசு இல்ல. அன்னைக்கு வந்து சாப்பிடாம படுத்தாரு. கேட்டேன், சொன்னாரு. கடுதாசி விசயம்தான் புதுசு" என்றாள். அதற்கப்புறம் அவள் கை அசையவில்லை.

"மண்டபத்தில் அவன் ஏன் என் மகன் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் மனதுக்கு ஆறுதல் தேடிக் கேட்ட கேள்வி அது.

"சொன்னா விட்டிருப்பாங்களா? வாயைத் தொறந்து என்ன ஆவப்போவுதுன்னு சும்மா இருந்திருப்பாரு. அதுக்குப் பெரிசா அர்த்தம் கட்டிக்கிட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்காதீங்க" என்றாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? 'ஆமாம்'னு எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. ஆத்தங்கரையில கெடக்காரு. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

மறுநாள் குலமண்டபத்தில் கூட்டம். மூத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பாவ்தியனும் இருந்தான். எழுந்து நின்று சொன்னேன். தொப்பி போடச் சொன்னவன் என் மகன் யூன்ச்சி, எழுதியவனும் அவன்தான், மான்ஷெங் வேண்டாம் என்று தடுத்தான், நான் தெரியாமல் 'ஆமாம்' என்றேன், அந்த மனுஷனை மலையில் புதைக்க விடுங்கள் என்றேன். என்னைக் கட்டுவார்கள், அல்லது உன் பெயரை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

யாரும் கோபப்படவில்லை. பாவ்தியன் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியப்பாவுக்கு அந்தத் தொப்பிக்கப்புறம் மனசு சரியில்ல. யாராவது பாத்து வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்றான். மற்றவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் டீ கொடுத்தார். நான் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன். "சரி சரி, உக்காருங்க" என்றார்கள். உன் பெயரை யாரும் அடிக்கவில்லை. கிறுக்கன் பேச்சை யார் பதிவேட்டில் ஏற்றுவார்கள்? அன்று சேகண்டி அடித்து நடந்தபோதுகூட என்னை மனுஷனாக நினைத்துத்தான் திட்டினார்கள். இது அதைவிடக் கீழே.

மண்டபத்து வாசலுக்கு வெளியே பெண்கள் நிற்கிற இடத்தில் தாவ்மெய் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். மலை கிடைக்காது என்று அவளிடம் சொன்னேன். நம் வீட்டுக்குப் பின்னால் மேட்டு நிலம் இருக்கிறது, அது என் சொந்த நிலம், அங்கே வைப்போம், என்னை மீறி யாரும் தோண்ட முடியாது என்றேன். அவள் யோசித்தாள். "நிலக்காரர் மண்ணுலயே கெடக்கணும்னு அவருக்கு விதி" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். வெள்ளம் வருகிறது, வேறு வழி இல்லை.

தூக்க ஆள் கிடைக்கவில்லை. தாவ்மெய்யின் அண்ணன் ஒரு பக்கம், படகுக்காரன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்பக்கம் எனக்குத் தரவில்லை. சரிதான். வழியில் இரண்டு முறை கால் வழுக்கியது, பாடையை மட்டும் விடவில்லை. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். குழியில் வைத்து மூடியபின் உன் அம்மா கொல்லைக் கதவு வழியாக வந்து அவர்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டாள். படகுக்காரன் சாப்பிட்டான். தாவ்மெய்யும் அவள் அண்ணனும் தொடவில்லை.

புறப்படும்போது தாவ்மெய் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க மகன் என்னைக்காவது வந்தா, இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க. எங் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அவள் சொன்னதை உன்னிடம் சேர்த்துவிட்டேன். இனி நான் சொல்வது. நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன்னைப் பிடிக்குமா என்றும் தெரியாது. பத்து வருஷம் ஆனாலும், உங்கள் ஆட்சியே வந்தாலும், பட்டாளத்தோடு வந்தாலும், ஒரு நாள் தனியாக அவள் வீட்டுக்கு நீ போகத்தான் வேண்டும். அவள் கத்தினால் கேள். அடித்தால் வாங்கிக்கொள். நான் இருந்தால் கூட வருகிறேன். எனக்கும் அவளிடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அப்பா